உஷார்! இன்டர்வியூ முடிந்த பிறகு வரும் அந்த போன்

"செலக்ட் ஆயிட்டீங்கம்மா. எச்.ஆர்.ல இருந்து பேசறோம்."

பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம் என் அண்ணன் மகளுக்கு இப்படி ஒரு போன் வந்தது. இங்கே திருவண்ணாமலையில் பி.காம் படித்தவள். சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பிரிவு வேலைக்காகப் போய் இன்டர்வியூ கொடுத்துவிட்டு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டு நாளும் அவள் போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. குளிக்கப் போனால் கூட அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போவாள். அப்படிக் காத்திருந்த பெண்ணுக்கு இந்தக் குரல் எப்படிக் கேட்டிருக்கும்!

ஐந்து மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "சித்தப்பா, வேலை கெடைச்சிடுச்சு. அவசரமா ஒரு மூவாயிரம் போட முடியுமா? ஆறு மணிக்குள்ள கட்டணுமாம். மொத சம்பளத்தோட திருப்பித் தந்துடுவாங்களாம்."

சர்டிபிகேட் வெரிஃபிகேஷனுக்காம் அந்தப் பணம். ஆஃபர் லெட்டர் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. கம்பெனியின் பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. நான் என் போனில் அவர்கள் கொடுத்த எண்ணைப் போட்டேன். பணம் அனுப்புவதற்கு முன்னால் திரையில் வாங்குபவரின் பெயர் வருமல்லவா, அங்கே கம்பெனி பெயர் வரவில்லை. ஒரு தனி ஆளின் பெயர் வந்தது.

"இது யாரும்மா?"

"அது ஃபைனான்ஸ் மேனேஜர் பேராம் சித்தப்பா. நானும் கேட்டுட்டேன்."

கேள்விக்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவளை உட்கார வைத்து, அந்த போன் பேச்சை முதல் வார்த்தையிலிருந்து சொல்லச் சொன்னேன். சொல்லச் சொல்ல விஷயம் வெளியே வந்தது. அந்த ஆள் முதலில் கேட்டது இவ்வளவுதான்: "சமீபத்துல ஒரு இன்டர்வியூ அட்டெண்ட் பண்ணீங்கல்ல?" இவள் ஆவலில், "ஆமா சார், ...கம்பெனில இருந்தா பேசறீங்க?" என்று பெயரைத் தானே சொல்லிவிட்டாள். "ஆமாம்மா, அதேதான்" என்று அவன் பிடித்துக்கொண்டான். எந்தப் பதவி, எந்தத் தேதி, யார் பேட்டி எடுத்தார் என்று எல்லாமே இவள் வாயிலிருந்தே அவனுக்குப் போயிருக்கிறது. பத்து நிமிடத்தில் அதையெல்லாம் வைத்து ஒரு கடிதம் தயாராகி வந்துவிட்டது.

இன்டர்வியூவுக்கு வந்த அழைப்புக் கடிதத்தில் கம்பெனியின் ஆபீஸ் நம்பர் இருந்தது. அதற்குக் கூப்பிடச் சொன்னேன். ரிசப்ஷனில் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினார். "இன்னும் யாரையும் முடிவு பண்ணலைங்க. அடுத்த வாரம் மெயில் வரும். நாங்க பணம் எதுவும் கேக்க மாட்டோம்." அவ்வளவுதான். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

அந்த வேலை அவளுக்குக் கடைசியில் கிடைக்கவில்லை. ஆனால் பணம் போகவில்லை. எனக்கு இன்னும் மனதை அறுப்பது வேறொன்று. "இத்தனை நாளா அந்த கம்பெனிக்கு நீ ஏம்மா ஒரு போன் போட்டுக் கேக்கலை?" என்றதற்கு அவள் சொன்ன பதில்: "தொந்தரவு பண்றேன்னு நெனச்சுப்பாங்களோன்னு பயமா இருந்துச்சு சித்தப்பா."

இந்தப் பயம்தான் அவர்களுக்கு மூலதனம். இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, இன்டர்வியூ போய்விட்டு வந்து, பதில் வராமல் கிடக்கும் அந்த இரண்டு மூன்று வாரம்தான் நம் பிள்ளைகளுக்கு மிக ஆபத்தான காலம். கம்பெனி வாயைத் திறக்காது. பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுவார்கள். அந்த இடைவெளியில் மூன்றாவது ஆள் ஒருவன் நுழைந்து, கம்பெனிக்காரன் குரலில் பேசுகிறான்.

எப்படித் தெரிகிறது அவர்களுக்கு என்று கேட்கிறார்கள். உங்கள் ரெஸ்யூமே எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். வேலைவாய்ப்பு இணையதளங்களில் ஏற்றுகிறோம். முகம் தெரியாத வாட்ஸ்அப் குரூப்பில் "வேகன்சி இருந்தா சொல்லுங்க" என்று பி.டி.எஃப். போடுகிறோம். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் பென்டிரைவிலிருந்து இறக்கி, பிரிண்ட் எடுத்துவிட்டு, அழிக்காமல் வந்துவிடுகிறோம். அதில் செல்போன் எண், பிறந்த தேதி, அப்பா பெயர், வீட்டு விலாசம் எல்லாம் இருக்கும். சிலர் ஆதார் எண்ணைக்கூடப் போட்டு வைக்கிறார்கள். ரெஸ்யூமேயில் ஆதாருக்கு என்ன வேலை? இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பெயர், ஊர், போன், மெயில், படிப்பு, அனுபவம் போதும்.

இவர்கள் கேட்கும் தொகை முதலில் சின்னதாக இருக்கும். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம், மெடிக்கல், லேப்டாப் டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ் என்று பெயர் மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் "இதுதான் கடைசி, இதுவும் திரும்பி வரும்" என்பார்கள். முதல் தொகையைக் கட்டியவன் அது வீணாகிவிடக் கூடாதே என்று இரண்டாவதைக் கட்டுவான். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போவது மூன்றாவது தவணையில்.

பணமே கேட்காத வகை ஒன்றும் உண்டு. அது இன்னும் மோசம். "சம்பள அக்கவுண்ட் ஆரம்பிக்கணும், பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, அந்த நம்பரோட சிம் எல்லாத்தையும் ஆபீஸ்ல கொடுத்துடுங்க" என்பார்கள். பணம் போகவில்லையே என்று நம் பையனும் கொடுத்துவிடுவான். எங்கோ யாரிடமோ ஏமாற்றிய பணம் இவன் கணக்கு வழியாகப் போகும். கணக்கு முடக்கப்படும், வெளிமாநிலப் போலீஸ் நோட்டீஸ் வீட்டுக்கு வரும். வேலை தேடிய பிள்ளை குற்றவாளிப் பட்டியலில் நிற்பான். ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் எந்த முதலாளியும் கேட்க மாட்டார். கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2022இல் டெல்லியில் நடந்ததைக் கேளுங்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேரை ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், கிளார்க் வேலை என்று அழைத்துப் போனார்கள். பலரும் பட்டதாரிகள், இன்ஜினீயரிங் படித்தவர்கள். ஆளுக்கு 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை வாங்கியிருக்கிறார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம். மருத்துவப் பரிசோதனை நடந்தது, சான்றிதழ் சரிபார்ப்பு நடந்தது, அடையாள அட்டை கொடுத்தார்கள், பயிற்சி ஆணையும் கொடுத்தார்கள். பயிற்சி என்ன தெரியுமா? புதுடெல்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் நின்றுகொண்டு, வரும் ரயில், போகும் ரயில், ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி என்று எண்ணுவது. தினமும் எட்டு மணி நேரம். ஏறத்தாழ ஒரு மாதம். அத்தனையும் போலி. அவர்களைக் கூட்டிப்போன முன்னாள் ராணுவத்தினர் ஒருவரே தானும் ஏமாந்தது தெரிந்து போலீஸில் புகார் கொடுத்தார்.

அந்தப் பிள்ளைகள் பெட்டி எண்ணிக்கொண்டிருந்த அதே ஸ்டேஷனில், கூப்பிடு தூரத்தில், உண்மையான ஸ்டேஷன் மாஸ்டர் அறை இருந்தது. உண்மையான டிக்கெட் பரிசோதகர்கள் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போயிருப்பார்கள். கையில் இருந்த பயிற்சி ஆணையை எடுத்துக்கொண்டு அங்கே போய், "சார், இது சரிதானா?" என்று ஒரு வார்த்தை. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

மத்திய அரசின் கெசட் பதிவு பெறாத பி பிரிவு, சி பிரிவுப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவே கிடையாது. டிக்கெட் பரிசோதகர், கிளார்க் எல்லாம் இதில்தான் வரும். ரயில்வே தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டு, தேர்வு வைத்து, முடிவை வெளியிட்டு எடுக்கும். நம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இலும் இன்டர்வியூ இல்லை. மார்க், சான்றிதழ் சரிபார்ப்பு, கவுன்சலிங், அவ்வளவுதான். ஆகவே "இன்டர்வியூவுல ஆளைப் பிடிச்சுத் தர்றேன், முடிஞ்ச பிறகு ஃபைலை நான் ஃபாலோ பண்ணிக்கிறேன்" என்று இந்த வேலைகளுக்காக ஒருவன் வந்தால், இல்லாத இன்டர்வியூவுக்கு அவன் விலை சொல்கிறான் என்று அர்த்தம்.

உண்மையான தேர்விலேயே குறுக்கு வழி போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் சிலர் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடையைக் குறித்தார்கள். பிறகு இடைத்தரகர்கள் சரியான விடையை நிரப்பினார்கள். 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் முழுக்கத் தேர்வெழுதத் தடை விதிக்கப்பட்டது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் எந்தத் தேர்வுக்கும் அவர்கள் ஆயுளுக்கும் விண்ணப்பிக்க முடியாது.

நம் ஊருக்கென்றே ஒரு தனி ஆபத்து இருக்கிறது. இது கோயில் ஊர். வெளியூர் ஆட்கள் வருவதும் போவதும் இங்கே யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள், பதினான்கு கிலோமீட்டர் சுற்றுகிறார்கள், விடிந்தால் போய்விடுகிறார்கள். பௌர்ணமி இல்லாத நாட்களில் லாட்ஜில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, பேனர் கட்டி, "நேரடி இன்டர்வியூ" நடத்திவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்! பஸ் ஸ்டாண்ட் தூண்களிலும் கிரிவலப் பாதைக் கரண்ட் கம்பங்களிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பாருங்கள். "படிப்பு தேவையில்லை, மாதம் 25,000, தங்குமிடம் இலவசம்" என்று ஒரு செல் நம்பர் மட்டும் இருக்கும். கம்பெனி பெயர் இருக்காது, விலாசம் இருக்காது. லாட்ஜில் நடக்கும் எல்லா இன்டர்வியூவும் போலி என்று சொல்லவில்லை. நல்ல கம்பெனிகளும் அப்படி நடத்துவதுண்டு. நாளைக்குப் போய்க் கேட்க அவர்களுக்கு ஒரு நிரந்தர விலாசம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த ஹாலில் ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் யார் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம், ஒரிஜினல் உங்கள் பையோடு திரும்ப வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒன்று தொலைந்தால் போலீஸ் ஸ்டேஷன், தாசில்தார் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று எத்தனை நாள் நடக்க வேண்டும் என்பது நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அருணாசலேஸ்வரர் கோயிலிலேயே பணியிடங்கள் நிரப்ப 2025இல் அறிவிப்பு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள். இந்த மாதிரி அறிவிப்பு வந்தால் டீக்கடைக்கு டீக்கடை ஒரு ஆள் முளைப்பான். "கோயில்ல நமக்கு ஆள் இருக்கு, விண்ணப்பத்தை என்கிட்ட குடு, நான் பாத்துக்கறேன்." கொடுக்காதீர்கள். கோயில் நிர்வாக அலுவலகம் ஊர் நடுவில் இருக்கிறது, நடந்தே போகலாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் ரசீது கையில் இருக்கும். நேரில் கொடுத்தால் நகலில் ஒரு சீல் வாங்கிக்கொள்ளலாம். அரசுத் துறை, கோயில் எதுவானாலும் பதிலே வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "இந்தத் தேதியில் விண்ணப்பித்த என் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது?" என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தரகன் ஐம்பதாயிரம் கேட்கும் வேலையை இந்தப் பத்து ரூபாய் செய்யும்.

தனியார் கம்பெனிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆகவே கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்லிக் கொடுத்திருப்பதை இங்கேயும் சொல்கிறேன்.

இன்டர்வியூ முடிந்து எழுந்திருக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். "ரிசல்ட் எப்ப சார் தெரியும்? அதுக்குள்ள வரலைன்னா நான் யாரைக் கேக்கலாம், எந்த நம்பர்ல?" இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்கிற பிள்ளையை எந்த மேனேஜரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அக்கறை இருக்கிறது என்றுதான் நினைப்பார். அவர் சொல்லும் பெயர், நம்பர், மெயில், தேதி எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன நாற்பது பக்க நோட்டு போதும். எந்தக் கம்பெனி, எந்த வேலை, எந்தத் தேதியில் போனோம், யார் பேசினார், எப்போது சொல்வதாகச் சொன்னார். நாளைக்கு ஒரு தெரியாத நம்பர் "செலக்ட் ஆயிட்டீங்க" என்று சொன்னால் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் கேள்வி கேளுங்கள். "எந்தக் கம்பெனி சார்? எந்த வேலைக்கு? எந்தத் தேதியில நான் வந்தேன்?" உண்மையான கம்பெனிக்காரர் எதிரில் ஃபைல் இருக்கும், டக்கென்று சொல்லிவிடுவார். போலி ஆள் தடுமாறுவான், கோபப்படுவான், இல்லாவிட்டால் போனை வைத்துவிடுவான். உங்கள் வாயிலிருந்து கம்பெனி பெயர் மட்டும் முதலில் வரக் கூடாது. என் அண்ணன் மகள் செய்த தவறு அதுதான்.

அன்றைக்கு ராத்திரியே ஒரு சின்ன மெயில். "வணக்கம் ஐயா. இன்று கணக்காளர் பணிக்கான நேர்காணலுக்கு வந்திருந்தேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. வேறு ஏதாவது சான்றிதழ் தேவைப்பட்டால் தெரிவியுங்கள்." பெயர், போன் நம்பர். முடிந்தது. ஆங்கிலத்தில் எழுத வருமென்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், வராவிட்டால் தமிழே போதும். இந்த மெயிலில் ஒரு லாபம் இருக்கிறது. கம்பெனியின் உண்மையான மெயில் விலாசம் உங்கள் பெட்டியில் பதிவாகிவிடும். பிறகு வேறு விலாசத்திலிருந்து கடிதம் வந்தால் உடனே வித்தியாசம் தெரியும்.

சொன்ன தேதி தாண்டி இரண்டு வேலை நாள் பொறுத்து ஒரு போன். காலை பத்தரைக்கு மேல், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். ஒரே கேள்வி, அரை நிமிடம். "முடிவாயிடுச்சுங்களா?" ஆகவில்லை என்றால் எப்போது கூப்பிடலாம் என்று கேட்டு வையுங்கள். அடுத்த வாரம் இன்னொரு முறை. அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு விண்ணப்பியுங்கள். தினமும் கூப்பிடுவது, ராத்திரி பத்து மணிக்கு மேனேஜரின் சொந்த வாட்ஸ்அப்பில் "சார் என்னாச்சு" என்று கேட்பது, அப்பாவை விட்டுப் பேசச் சொல்வது, இதெல்லாம் கைக்கு வரவிருந்த வேலையையும் கெடுக்கும். "வேற ஆளை எடுத்துட்டோம்" என்று சொன்னால் வருத்தம் இருக்கத்தான் செய்யும். "பரவாயில்லை சார், அடுத்த முறை இடம் இருந்தா நினைவு வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வையுங்கள். அப்படிச் சொன்ன பிள்ளையை இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு எடுத்த இடங்கள் எனக்குத் தெரியும்.

செய்யாறு சிப்காட் மாதிரி தொழிற்சாலைகளுக்கு விண்ணப்பித்தவர்கள், வேனில் ஆள் ஏற்றும் சூப்பர்வைசர் சொல்வதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். இங்கிருந்து பஸ் ஏறிப் போனால் அரை நாள் போகும், போகட்டும். கேட்டில் செக்யூரிட்டியிடம் பெயரைச் சொல்லி டைம் ஆபீஸில் கேட்டுவிட்டு வாருங்கள். ஆள் எடுக்கிறார்களா இல்லையா என்பது அங்கே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு கொடுமை நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நடக்கிறது. அதை யாரும் மோசடி என்று கூடச் சொல்வதில்லை. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது, மெயில் ஐ.டி. இல்லையென்றால் கடைக்காரரே ஒன்றைத் திறந்து கொடுப்பார். பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும். சில சமயம் கடை நம்பரையே போட்டுவிடுவார். அவர் மேல் கெட்ட எண்ணம் இருக்காது, வரிசையில் இருபது பேர் நிற்கும் அவசரம். ஆனால் இன்டர்வியூ அழைப்பு அந்தப் பெட்டிக்குத்தான் வரும். தேதி தாண்டிப் போகும். கலசப்பாக்கம் பக்கத்துப் பையன் ஒருவன் வேலை வரவில்லை என்று எட்டு மாதம் ஏங்கிக் கிடந்தான். ஒரு நாள் அவன் மெயிலை என் எதிரில் திறந்தான். இரண்டு இன்டர்வியூ அழைப்புகள் படிக்கப்படாமல் கிடந்தன. ஒன்று ஸ்பேம் பெட்டியில். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் என்ன சொல்லித் தேற்றுவது? மெயிலை உங்கள் போனில் நீங்களே திறந்துகொள்ளுங்கள், பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும், ஸ்பேம் பெட்டியைத் தினமும் ஒரு முறை பாருங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்து இன்கமிங் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பதும் மறக்க வேண்டாம்.

கம்பெனி இருக்கிறதா என்றே சந்தேகமா? பிரைவேட் லிமிடெட், லிமிடெட் என்று முடியும் எந்தக் கம்பெனியும் தன் கடிதத்தாளில் பதிவு அலுவலக விலாசத்தையும், எழுத்தும் எண்ணுமாக 21 குறிகள் கொண்ட சி.ஐ.என். என்ற பதிவு எண்ணையும் அச்சிட வேண்டும் என்பது 2013ஆம் வருஷக் கம்பெனிகள் சட்டம். ஆஃபர் லெட்டரில் அதைத் தேடுங்கள். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் காசில்லாமல் சரிபார்க்கலாம். போலிகள் நிஜக் கம்பெனியின் எண்ணையே திருடிப் போடுவதும் உண்டு. ஆகவே எண் சரியாக இருந்தாலும், நீங்களே தேடி எடுத்த நம்பரில் கூப்பிட்டு உறுதி செய்யாமல் எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தில் அவன் கொடுத்திருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டால் அவனேதான் எடுப்பான்.

வெளிநாட்டு வேலை என்றால் இரண்டு மடங்கு உஷார். 2022இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று போன் இன்டர்வியூ நடத்தி, டிக்கெட்டையும் அவர்களே அனுப்பி, நம் பிள்ளைகளை மியான்மர் எல்லைக்குள் கடத்திக்கொண்டு போனார்கள். அங்கே பூட்டி வைத்து, ஊரில் உள்ளவர்களை ஆன்லைனில் ஏமாற்றும் வேலையை அடித்துச் செய்ய வைத்தார்கள். அந்த அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். அதோடு முடியவில்லை; 2025 மார்ச்சில் இந்திய விமானப் படை விமானங்கள் இரண்டு நாளில் 549 இந்தியர்களை அங்கிருந்து கொண்டுவந்தன. பணம் கேட்காமல், டிக்கெட்டும் கொடுத்துக் கூப்பிட்ட வேலை அது. சுற்றுலா விசாவில் வேலைக்கு வா என்றால் போகாதீர்கள். ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அயலகத் தமிழர் நலத்துறையின் இலவச எண் 1800 309 3793. டிக்கெட் கைக்கு வருவதற்கு முன்னால் கூப்பிட வேண்டிய எண் அது.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். 1930. நாட்டுக்கே பொதுவான சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. வாட்ஸ்அப் பேச்சு, கடிதம், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். அரசு வேலைக்கு லஞ்சமாகக் கொடுத்தவர்கள் வெளியே சொல்லப் பயப்படுகிறார்கள், ஏனென்றால் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் மிரட்டலாலோ கட்டாயத்தாலோ கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீஸிடம் தெரிவித்தால் அவர் மேல் அந்தக் குற்றம் சாராது என்று 2018 திருத்தத்துக்குப் பிறகு சட்டமே சொல்கிறது. ஏழு நாள்தான். மறைத்து வைக்க வைக்கக் கழுத்துக்குத்தான் வரும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஏமாந்து வந்து நின்றால் "இதுகூடத் தெரியாதா உனக்கு" என்று கத்தாதீர்கள். திட்டுக்குப் பயந்து மூன்று நாள் மறைத்த பிள்ளைகளின் பணம்தான் திரும்பாமல் போகிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்த கதையைச் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் சொல்லிச் சொல்லித்தான், எந்தப் போன் வந்தாலும் நம்பிவிடும் நிலைக்கு அவர்களைத் தள்ளுகிறோம். குபேர லிங்கத்தின் முன் நின்று பிள்ளைக்கு வேலை கேட்டு அழும் அம்மாக்களை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பார்க்கிறேன். அம்மா, சூடம் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனதும் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, கடைசியாகப் போன இன்டர்வியூ எது, அங்கே கேட்டுப் பார்த்தாயா என்று அன்பாக ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கவில்லை என்றால், நாளைக் காலை பத்தரைக்கு அவனையே போன் போடச் சொல்லுங்கள்.